ஏரிக்கரையோடு நின்றுவிடும் பாடம்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம் ஆகிய மூன்றும் போக, நான்காம் பகுதி என்று ஒன்று உண்டு. எந்தத் துறை மாணவருக்கும் வேண்டிய பொதுத் திறன்களுக்கான இடம் அது. அதிலுள்ள சுற்றுச்சூழல் கல்வித் தாளை மாணவர்கள் பலர் கடைசி வாரத்தில் புரட்டும் தாளாகவே நினைக்கிறார்கள். ஆனால் அதன் அமைப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியே வந்த பாடம் இது. இதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாத மாதிரிப் பாடத்திட்டம், 50 வகுப்பு நேரங்களில் ஐந்தைக் களப்பணிக்கு ஒதுக்கி, 100 மதிப்பெண்ணில் 25-ஐயும் அதற்கே வைத்தது. வணிகவியல் படிப்பவரும் ஒரு மலையையோ ஆற்றையோ நேரில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்கும் பாடம் வேறெது? உற்றுப் பார்ப்பது, கேட்பது, குறித்துவைப்பது, பிறகு சொந்த நடையில் எழுதுவது என்னும் நான்கையும் ஒருசேரப் பழக்க இதைவிட நல்ல ஏற்பாடு நம் கல்லூரிகளில் இல்லை என்பது என் கருத்து.

குறை, அதை நடத்தும் விதத்தில் இருக்கிறது. களப்பயணம் என்று ஏற்காட்டுக்குப் பேருந்து கிளம்பினால் படகுத்துறை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பாதையிலேயே பாடம் கிடக்கிறது. மலையடிவாரத்தில் மேக்னசைட் வெட்டியெடுத்த வெள்ளைக் குவியல்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் காபித் தோட்டங்கள். காபிச் செடிக்கு மேலே நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பார்ப்பவர் காடு என்றே எழுதிவிடுவார். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்; காபிக்கு நிழலுக்கும் மிளகுக் கொடி படர்வதற்கும் நட்டது. கிட்டே போய்த் தண்டைச் சுற்றிய மிளகுக் கொடியைப் பார்த்து, தோட்டத்தில் வேலை செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், இது காடா தோட்டமா என்ற ஐயம் எழும். அங்கிருந்து பொருளியல் மாணவர் விலைக்கும், வரலாற்று மாணவர் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே காபியைக் கொண்டுவந்த காக்பர்னுக்கும் போகலாம். தமிழ் மாணவருக்கு ‘மலையாளி’ என்ற சொல்லே போதும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் இருக்கும் குடுவைத் தாவரமும் மேகாலயத்திலிருந்து வந்ததுதான். எது இந்த மண்ணுக்கு உரியது, எது வந்து சேர்ந்தது என்று பிரித்தறியும் பழக்கம் இப்படித்தான் படியும்.

வேலைச் சந்தையில் இதற்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் தரும் தொழில் திறன்கள், முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு அவசியம். ஆனால் எந்த மென்பொருளைக் கற்றாலும், முன்னால் இருப்பது என்ன என்று சரியாகப் பார்த்து எழுதத் தெரியாதவர் அதில் தவறான தகவலைத்தான் ஏற்றுவார். 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து அது ஆதிமனிதனின் கருவி என்று கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் நிலவியலாளர். தொல்லியல் அவருடைய வேலையல்ல. தம் துறைக்கு வெளியே பார்க்கத் தெரிந்ததால்தான் அந்தக் கல் அவர் கண்ணில் பட்டது. பின்னாளில் ஏற்காட்டில் குடியிருந்தவர் இந்த மலைகளிலும் கற்கருவிகளைச் சேகரித்தார்.

இன்னொரு மறுப்பு கனமானது. அறுபது மாணவர்கள், ஓரிரு ஆசிரியர்கள், பேருந்துச் செலவு, பாதுகாப்பு. மலைக் கிராமத்துக்குள் கூட்டமாகப் போனால் அங்குள்ளவர்களைக் காட்சிப் பொருளாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்ததையும் மறக்க முடியாது. இதையெல்லாம் ஏற்கிறேன். இவை பயணத்தைச் சிறு குழுக்களாக்கவும், ஊருக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளவும் காரணங்களே தவிர, களப்பணியைக் கைவிடக் காரணங்கள் அல்ல. சேலத்து மாணவருக்கு மூக்கனேரியும் களம்தான். உண்மையான கோளாறு மதிப்பீட்டில் இருக்கிறது. அழகாகக் கட்டிய அறிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும்வரை மூத்தவரின் அறிக்கையைப் பார்த்து எழுதுவது நிற்காது. களத்தில் வைத்தே கிறுக்கிய குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அதில் தேதியும் இடமும் பேசியவர் சொன்னதும் இருக்கட்டும், விடை கிடைக்காத கேள்வி ஒன்றாவது இருக்கட்டும். ஆசிரியர்களே, அந்த 25 மதிப்பெண்ணை அந்தக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள்.