அமுதாவுக்கு யார் பாஸ்போர்ட் கொடுத்தார்கள்? - ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ பற்றி ஒரு தாமதமான விமர்சனம்

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பிப்ரவரி 14 அன்று வெளியானது. எட்டே நாளில், பிப்ரவரி 22-ல், இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. படத்துக்கு ஆறு தேசிய விருதுகள். அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. ரஹ்மான், வைரமுத்து பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அந்தப் பக்கம் நான் போகவில்லை. போரில் பெற்றோரைப் பிரிந்த ஒரு குழந்தையைப் பற்றிய படமாக இதைப் பார்த்தால் எது தேறுகிறது, எது தேறவில்லை என்பது மட்டும்தான் இங்கே.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். மாங்குளத்துப் பெண் ஷ்யாமா. கணவன் இயக்கத்தோடு காட்டுக்குப் போகிறான். இவள் நிறைமாதக் கர்ப்பிணியாகப் படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். அங்கே குழந்தையைப் பெற்று விட்டுவிட்டு, கணவனைத் தேடித் திரும்பிப் போகிறாள். எழுத்தாளர் திருச்செல்வன் அந்தக் குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கிறார். கல்யாணம் ஆகாதவருக்குக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். அதற்காகவே இந்திராவைக் கல்யாணம் செய்துகொள்கிறார். ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை தெரியவர, அமுதா அம்மாவைத் தேடிப் புறப்படுகிறாள்.

முதலில் படம் சரியாகச் செய்த ஒன்று. அமுதாவை அது அநாதையாக்கவில்லை. டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு காலியாக இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: அப்படி ஒன்று கிடையாது, அல்லது இருக்கிறது, ஆனால் நம்மிடம் தகவல் இல்லை. இரண்டையும் குழப்பினால் மேலே எழுதுகிற புரோகிராம் முழுக்கத் தப்பாகும். போர்க்காலக் குழந்தைகள் விஷயத்தில் இந்தக் குழப்பம்தான் அதிகம். தனியாக நிற்கிற பிள்ளையை உடனே அநாதை என்று எழுதிவிடுகிறோம். தாய் இன்னொரு முகாமில் இருக்கலாம், அப்பா காவலில் இருக்கலாம், பாட்டி தேடிக்கொண்டிருக்கலாம்.

யூனிசெஃப், செஞ்சிலுவைச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் 2004-ல் இதற்கென்றே பொது வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன. அநாதை என்று அவசரப்பட்டுச் சொல்லாதே, முதலில் குடும்பத்தைத் தேடு, நெருக்கடி நேரத்தில் தத்துக் கொடுக்காதே என்பதுதான் அதன் சாரம். பழைய அனுபவங்களும் இதைத்தான் சொல்கின்றன. இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், குண்டு விழுவதைவிட அம்மாவைப் பிரிவதுதான் சின்னப் பிள்ளைகளை அதிகம் உலுக்குகிறது என்று பதிவு செய்தார்கள். திருச்செல்வனும் இந்திராவும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி, பெற்ற தாயிடமே கூட்டிப் போகிறார்கள். வழிகாட்டி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே படம் இதைச் செய்துவிட்டது. பாராட்டணும்.

இனி படம் சறுக்கும் இடம். படம் வந்த காலமே கதை நடக்கும் காலம் என்று வைத்துக்கொண்டால், அமுதா பிறந்தது 1992 வாக்கில். அந்த வருடத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் அகதிகள் மீதான பார்வை ஒரே ராத்திரியில் மாறியது. 1992 ஜனவரியிலிருந்து அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலையை அரசே தொடங்கியது. 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படித் திரும்பினார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்ற கேள்வி அப்போதே எழுந்து, அதைச் சரிபார்க்க ஐநா அகதிகள் ஆணையம் உள்ளே வர வேண்டியிருந்தது.

படத்தில் இதில் எதுவும் கிடையாது. ஷ்யாமா தன் மனப் போராட்டத்தில் தானே முடிவெடுத்துப் போகிறாள். குழந்தையா, கணவனா, மண்ணா என்று எல்லாமே அவள் நெஞ்சுக்குள் நடக்கிறது. நடிப்பில் நந்திதா தாஸ் குறை வைக்கவில்லை. ஆனால் கைக்குழந்தையோடு ஒரு பெண் முகாமில் தங்கி வாழ முடியுமா, யாராவது அவளுக்கு உதவுவார்களா என்று படம் கேட்கவே இல்லை. அதனால் கடைசியில் அமுதா கேட்கும் ‘ஏன் விட்டுட்டுப் போனே?’ என்ற கேள்வி முழுக்க அந்த ஒருத்தி தலையில் விழுகிறது. அவள் அழுவதைப் பார்த்து நாமும் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

தலைப்பில் கேட்ட பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். அமுதாவைக் கூட்டிக்கொண்டு குடும்பம் சாதாரணமாக இலங்கைக்குப் போகிறது. சட்டப்படி இது அவ்வளவு சுலபமா? இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 1987 ஜூலை 1 ஒரு கோடு. அதற்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது. இரண்டு இலங்கைக் குடிமக்களுக்கு ராமேஸ்வரத்தில் 1992-ல் பிறந்த அமுதா பிறப்பால் இந்தியர் இல்லை. தத்தெடுத்ததால் மட்டும் குடியுரிமை தானாக வந்துவிடாது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

இது சினிமாவில் குறை கண்டுபிடிக்கும் விளையாட்டு இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில்தான் உத்தரவிட்டது. கோட்டுக்கு ஒரு வருடம் முன் பிறந்தவருக்கே முப்பத்தாறு வயதில், கோர்ட்டுக்குப் போய்த்தான் அது கிடைத்தது. கோட்டுக்குப் பின் பிறந்திருந்தால் அந்த வாதமே செல்லாது.

நான் இருக்கும் கொடைக்கானல் பக்கம் இதன் இரண்டு முகங்களும் தெரியும். 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்படி வந்த ‘தாயகம் திரும்பியோர்’ பலர் நீலகிரித் தேயிலைக்குப் போனார்கள். சிலர் இந்தப் பழனி மலையில் வாட்டில், யூகலிப்டஸ் மரம் வெட்டும் வேலைக்கு வந்து, காண்ட்ராக்டர் கொடுத்த முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமையானார்கள். அவர்கள் கையில் இந்தியக் குடியுரிமைத் தாள் இருந்தது, சோற்றுக்கு வழி இல்லை. மலைக்குக் கீழே இதே திண்டுக்கல் மாவட்டத்தில், 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. அங்கே உதவித்தொகை உண்டு, ரேஷன் உண்டு, தாள் இல்லை. ஒரு குடும்பம் நிமிர இரண்டுமே வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை விட்டால் அடுத்த தலைமுறையும் அதே இடத்தில்தான் நிற்கும்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. அதற்கெல்லாம் வெகுமுன்பே, 1984-ல், அகதிகள் தாங்களே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பைக் கையிலெடுத்தது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காப்பாற்றாமல், குடும்பத்தோடு வைத்தே தூக்கிவிடும் வேலை இது. சினிமாவுக்கேற்ற கதை கிடையாதுதான். டியூஷன், ஸ்காலர்ஷிப், காலேஜ் ஃபீஸ் என்று வருடக்கணக்கில் போகும். பலன் தருவது அதுதான்.

படத்தின் மையத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது: நல்ல மனசுள்ள ஒரு சென்னைக் குடும்பம் கிடைத்தால் போரில் பிரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அமுதாவுக்கு அது நடந்தது. சந்தோஷம். ஆனால் அதே வாரம் அதே முகாமில் பிறந்து, அம்மா விட்டுப் போகாமல் வளர்த்த இன்னொரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்குத் தாய் இருந்தாள், தாய்ப்பால் இருந்தது, தாலாட்டு இருந்தது. இன்று அவளுக்கும் முப்பதைத் தாண்டியிருக்கும், ஒருவேளை அவளுக்கே பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை.

பிள்ளையை வைத்துக்கொண்ட அந்தத் தாய்க்கு மணிரத்னம் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பெரும்பாலான தாய்மார்கள் அவளைப் போன்றவர்கள்தான். படத்தை மறுபடி பார்ப்பதானால் ராமேஸ்வரம் முகாம் காட்சிகளில் ஷ்யாமாவைச் சுற்றி நிற்கும் மற்ற பெண்களையும் கவனியுங்கள். இன்னும் யாரும் எடுக்காத படம் அவர்களுடையது.