கடுகு வெடிக்கக் காத்திருக்காதீர்கள்: தாளிப்பு வடகத்தை ரசிப்பது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரங்களில் சின்ன வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மண் இது. அந்த வெங்காயத்தை வைத்துச் செய்யக்கூடிய பண்டங்களில் தலைசிறந்தது தாளிப்பு வடகம். அதைத்தான் இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளே "வாடை அடிக்குது" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். நல்ல வடகத்தை யாரோ கண்மண் தெரியாத தீயில் கருக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு வடகத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டி, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பகலெல்லாம் காயவைத்து, மாலையில் அள்ளி மறுபடி பிசைந்து உருட்ட வேண்டும். உருண்டை ஈரம் வற்றிக் கல்லாகும்வரை தினமும் இதே வேலைதான். நடுவில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவார்கள். பெரிய வெங்காயத்தில் செய்யாதீர்கள். அதில் தண்ணீர் அதிகம், சாரம் குறைவு. நன்றாகக் காய்ந்த வடகம் ஜாடியில் ஒரு வருடம் தாங்கும். அரியலூர், பெரம்பலூர் கோடை வெயிலைக் குறை சொல்லாதவர்கள் கிடையாது. வடகம் போடுகிறவர்களுக்கு மட்டும் அந்த வெயில் வரம்.

செய்முறை இவ்வளவுதான். கையில் வடகம் இருப்பவர்கள் பாதிப் பேர் கோட்டை விடுவது அடுப்படியில். ஆகவே இனி சூட்டைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

இரண்டு சிவப்பு

சாதாரணத் தாளிப்புக்கு நம் வீடுகளில் ஒரு விதி உண்டு. எண்ணெய் காயட்டும், கடுகு வெடிக்கட்டும், உளுந்து சிவக்கட்டும், பிறகு இறக்கு. தனிக் கடுகுக்கும் தனி உளுந்துக்கும் இது சரியான விதி. வடகத்துக்கு இதே விதியைப் போடுவதுதான் எல்லாக் கெடுதலுக்கும் வேர்.

வடகத்துக்குள் இரண்டு சிவப்பு இருக்கின்றன: வெங்காயச் சிவப்பு, உளுந்துச் சிவப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. காய்ந்த வெங்காயத்தில் சர்க்கரை செறிந்து கிடக்கிறது, ஈரம் இல்லை. எண்ணெயில் விழுந்ததும் அது முதலில் சிவக்கும். உளுந்து பின்னால்தான் வரும். பழக்க தோஷத்தில் கண் உளுந்தையே பார்த்துக்கொண்டிருக்கும். உளுந்து பொன்னிறம் ஆகும்போது வெங்காயம் பழுப்பைத் தாண்டிக் கறுத்துவிட்டிருக்கும். வெந்தயமும் தீய்ந்து கசக்கும். நீங்கள் பார்த்தது அழகான உளுந்து, சாப்பிட்டது கரி.

எத்தனை பேர் வடகம் தாளிக்கும் வீடியோக்களில் உளுந்தைக் காட்டி "பாருங்க, கலர் வந்துடுச்சு" என்கிறார்கள்! கலர் வந்தது உளுந்துக்கு. வெங்காயத்தை ஒருவரும் காட்டுவதில்லை. அந்தத் தாளிப்பைச் சாப்பிட்டுவிட்டு "புகை மணம் அருமை" என்று எழுதும் உணவு விமர்சகர்களும் இருக்கிறார்கள். கருகல் மணத்துக்குப் புகை மணம் என்று பெயர் வைத்தால் அது சுவையாகிவிடாது.

கடுகுக்கும் இதையே சொல்வேன். வடகத்தில் இருக்கும் கடுகு வெங்காயச் சாற்றில் ஊறி, வெயிலில் காய்ந்து, நாள்கணக்கில் பிசைபட்ட கடுகு. அது வெடித்துத்தான் மணக்க வேண்டும் என்பதில்லை. எல்லாக் கடுகும் வெடிக்கட்டும் என்று தீயைக் கூட்டுகிறவர் வெங்காயத்தைப் பலி கொடுக்கிறார். நாலு கடுகு வெடித்தால் போதும். ஒன்றுமே வெடிக்காவிட்டாலும் பாதகமில்லை.

தீயைக் கூட்டக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. வெங்காயத்தில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகி மணம் பிறப்பது ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகம் பிடிக்கும். இன்னும் சூடு ஏறினால் மணம் போய்க் கசப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். குறைந்த தீ அந்த நொடிகளை நீட்டித் தரும். இதற்காகத்தான் சூட்டைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறேன்.

பதார்த்தத்துக்கு ஏற்ற தீ

கீரைக் கடையலுக்கு: எண்ணெய் முழுதாகக் காயும் முன்பே, இளஞ்சூட்டில், உதிர்த்த வடகத்தைப் போடுங்கள். அடுப்பு சிம்மில் இருக்கட்டும். வெங்காயத்தின் மணம் எண்ணெயில் இறங்க வேண்டும். கீரையோடு கலந்து நாக்குக்கு வருவது அந்த எண்ணெய்தான்.

ரசத்துக்கு: கொஞ்சமாக, பொடியாக உதிர்த்து, எண்ணெய் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள். மிச்சச் சூடே பொரித்துவிடும். ரசத்துக்கு வேண்டியது மேலே நிற்கும் மணம்.

மீன் குழம்புக்கு: எண்ணெய் தாராளமாக, தீ நடுத்தரம். வடகம் லேசாகச் சிவந்ததும் நறுக்கிய வெங்காயத்தையும் தக்காளியையும் உடனே கொட்டுங்கள். அவற்றின் ஈரம் சூட்டை இறக்கி வடகத்தைக் காப்பாற்றும். கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் ஆற்று மீன் கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

பாத்திரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கனமான இரும்புக் கரண்டி அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை விடாது. ஆகவே நீங்கள் நினைப்பதற்கு முன்பே இறக்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் குறைந்த எண்ணில் வைத்தால் பல மாடல்கள் தொடர்ந்து மெதுவாகச் சூடாக்குவதில்லை, விட்டு விட்டுச் சூடாக்கும். அதில் நடு எண்ணில் வைத்து, வாணலியைத் தூக்கித் தூக்கிச் சூட்டை அடக்குவது நல்லது. செக்கு எண்ணெய் ரீஃபைண்ட் எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும். புகை வந்துவிட்டால் வடகத்தைப் போடாதீர்கள், எண்ணெய் ஆறட்டும்.

நாக்கைப் பழக்குவது

புதிதாக வருகிறவர்கள் நேரே குழம்பில் ஆரம்பிக்க வேண்டாம். புளியும் மிளகாயும் எல்லாவற்றையும் மூடிவிடும். சூடான சோறு, உப்பு, வடகம் தாளித்த எண்ணெய் ஒரு கரண்டி. இவ்வளவு போதும். தாளிக்கும்போதே மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் வெயிலில் காய்ந்த ஒரு முரட்டு வாடை வரும். பயந்து ஓடுகிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் ஓடுகிறார்கள். பொறுத்திருங்கள். அடுத்து இனிப்பான வெங்காய மணம் எழும். இறக்க வேண்டிய நேரம் அதுதான். அதையும் தாண்டினால் தீய்ந்த நெடி.

பிரெஞ்சுச் சமையல்காரர்கள் நம் வடகத்தைப் புதுச்சேரி வழியாக எடுத்துப்போய் 'வடூவான்' ஆக்கினார்கள். ஓவனில் உலர்த்திப் பொடியாகத் தூவுகிறார்கள். அதை அதிசயமாகப் பாராட்டுகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. பொடியில் வெங்காயம் எது, வெந்தயம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைத் தீயில் எப்படிக் காப்பாற்றுவீர்கள்? கடைகளில் பாக்கெட்டில் விற்கும் வடகத்தை வாங்கினால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெங்காயச் சருகு தெரியாமல் உளுந்தும் கடுகும் மட்டும் கொட்டினால் அது வடகமே இல்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வடகத்தின் உண்மையான ருசி அடுத்த நாள் காலையில்தான். ராத்திரி மீந்த வடகக் கீரையைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் உறைப்பாகக் கீரையில் ஊறியிருக்கும். இந்த ருசி எந்த உணவகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வடகம் பிடிக்காது என்று முடிவு கட்டியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தீயைக் குறையுங்கள், உளுந்தை மறந்துவிட்டு வெங்காயத்தைப் பாருங்கள், ஒரே ஒரு கவளம் பிசைந்து சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்.