குடவோலையும் லொத்தர்ச் சீட்டும்: அரச லொத்தரின் கண்காணிப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

லொத்தர் சூதா, அல்லவா என்னும் வினா கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் விவாதத்துக்குரிய ஒன்றன்று. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய கடலோர ஊர்களிலும், உட்புறத்தே வயல்களை அண்டிய மாவடிப்பள்ளி, சம்மாந்துறை ஆகிய ஊர்களிலும் அது வெள்ளிக்கிழமைக் குத்பாக்களிற் பலமுறை தீர்த்துவைக்கப்பட்ட விடயம். ஆயின், முதல் வினா இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிட்டமையினாலேயே அதற்கு அடுத்த வினா கேட்கப்படாமற் போயிற்று. தனியொருவர் நடத்தினாற் குற்றமாகும் ஒரு செயலை அரசே நடத்தும்போது, அந்த அரசைக் கண்காணிப்பவர் யார்? இவ்வினா மார்க்க அறிஞருக்கு மாத்திரம் உரியதன்று. லொத்தர் வருமானத்தில் ஒரு பகுதி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நோக்குமிடத்து, பல்கலைக்கழக மாணவர் எவரும் இவ்வினாவிலிருந்து விலகி நிற்றல் இயலாது என்பது புலனாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. 'சீட்டு' என்ற சொல்லுக்கு நம்மூர்ப் பெண்களிடையே வேறொரு பொருளுண்டு. பத்துப்பேர் அல்லது இருபதுபேர் கூடி மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பதைக் குலுக்கி எடுப்பார்கள். அங்கும் குலுக்கல் உண்டு. ஆயின் இழப்பவர் எவருமில்லை. முறை பிந்தலாம், பணம் போகாது. திருவுளச்சீட்டை மார்க்கமும் விலக்கவில்லை. மர்யமைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்த நிகழ்ச்சியையும், யூனுஸ் நபி கப்பலிலே சீட்டுக்கு உட்பட்ட வரலாற்றையும் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. எனவே குலுக்குதல் தன்னளவிற் குற்றமாகாது. பலருடைய இழப்பை ஒருவருடைய பேறாகத் திரட்டும் கருவியாக அது மாறுமிடத்திலேயே சூது தோன்றுகிறது.

தமிழர் வரலாற்றிற் குலுக்கலுக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் உத்தரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தெரியும் முறையை விரித்துரைக்கின்றன. இவற்றை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைகளிற் புகழ்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. அவ்வாரவாரத்தில் அவற்றின் நுட்பம் மறைந்துவிடுகிறது என்பதே எனது எண்ணம். ஓலைகள் இட்ட குடத்தைச் சபையார் அனைவரும் காணும்படி வைக்கவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனே ஓலையை எடுக்கவேண்டும். அதனை வாங்குபவன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவன் வாசித்ததைக் கூடியிருக்கும் மற்றோரும் வாசிக்கவேண்டும். இவையாவும் கைத்திறனால் ஏமாற்றுதலைத் தடுக்கும் ஏற்பாடுகள். இவற்றுக்கும் மேலாக, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர்களும் அவர்களுடைய உறவினர்களும் குடத்தில் பெயரிடப்படுதற்கே தகுதியற்றோர் என்று விதிக்கப்பட்டது. அதாவது, குடத்தை மாத்திரமன்றிக் குடத்தைச் சூழ நிற்போரையும் கண்காணிக்கவேண்டும் என்பதைப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்ச்சபை விளங்கியிருந்தது.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நமது நாட்டு ஏற்பாட்டை நோக்குவோம். பிரித்தானியர் ஆட்சிக்காலச் சட்டங்கள் தனியார் லொத்தரையும் சூதாட்ட விடுதிகளையும் தண்டனைக்குரியனவாக்கின. இந்தியாவிலும் 1844 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அரசின் அனுமதி பெறாத லொத்தர்களைத் தடைசெய்தது. 'அனுமதி பெறாத' என்ற அந்த அடைமொழியே பின்வந்த வரலாறு அனைத்துக்கும் வாயிலாயிற்று. இலங்கையில் 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ்த் தேசிய லொத்தர் சபை தோற்றுவிக்கப்பட்டது. சனாதிபதி நிதியத்தின் கீழ் நடைபெற்றுவந்த அபிவிருத்தி லொத்தர், 1997 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தினால் அபிவிருத்தி லொத்தர் சபை என்ற தனி நிறுவனமாயிற்று. முன்னதன் இலாபம் திரட்டு நிதியத்துக்குச் செல்கிறது. பின்னதன் இலாபம் 1978 இல் சட்டமாக்கப்பட்ட சனாதிபதி நிதியத்துக்கும், 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியத்துக்கும் துணையாகின்றது.

1963 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையே ஒரு கணம் உற்றுநோக்குக. அது நிதிச் சட்டம். சட்டங்களை இலக்கிய மாணவர் வாசிப்பதில்லை. வாசித்தால், தலைப்பு ஒரு பிரதியின் நோக்கத்தை எவ்வாறு காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைத்தல் அரிது. பணந்திரட்டுதலே இங்கு நோக்கம். கட்டுப்படுத்துதல் அதற்கு வேண்டிய அளவிலேயே உள்ளே வந்தது.

கண்காணிப்பே இல்லையென்று கூறின் அது நியாயமாகாது. குலுக்கல் மறைவில் நடைபெறுவதில்லை. தொலைக்காட்சி வழியே நாடு முழுவதும் அதனைக் காண்கிறது. சபைகளின் கணக்குகள் அரசியலமைப்பின்படி கணக்காய்வாளர் தலைமையதிபதியின் ஆய்வுக்கு உட்பட்டவை. பாராளுமன்றத்தின் கோப் குழு அவற்றின் தலைவர்களை அழைத்து விசாரிக்கலாம். ஆகவே இலக்கம் நேர்மையாக விழுந்ததா, பணம் கணக்கில் வந்ததா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறுவோர் உளர். இலக்கம் விழும் இடத்தைக் காத்தலும் சிறிய வேலையன்று. அமெரிக்காவிலே பல மாநிலங்களுக்குப் பொதுவான லொத்தர்ச் சங்கத்தில் தகவற் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த எடி திப்டன் என்பவரே எண்களைத் தெரியும் கணினி நிரலைத் தமக்குச் சாதகமாக மாற்றியமைத்து, 2017 இல் 25 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனைக்கு ஆளானார். காவலனே கள்வனாதல் கணினிக்காலத்திலும் நிகழக்கூடியது. விரலை அகல விரிக்கச் சொன்னவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை.

எனினும் வாங்குபவனைப் பொறுத்தவரை குலுக்கலின் நேர்மை பாதிச் செய்திதான். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மஹஜன சம்பத சீட்டிலே ஆங்கில எழுத்து ஒன்றும் ஆறு இலக்கங்களும் உள்ளன. 26 எழுத்துகளையும் 10 இலட்சம் எண்களையும் பெருக்கினால் 2 கோடி 60 இலட்சம் சேர்க்கைகள் வரும். இது நாட்டின் சனத்தொகையிலும் கூடியது. நாளொன்றுக்கு ஒரு சீட்டு வீதம் தவறாது வாங்குபவன், எல்லாச் சேர்க்கைகளையும் ஒருமுறை வாங்கி முடிக்க 71,000 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். முற்றிலும் நேர்மையான குலுக்கலிலும் இதுவே நிலை. எல்லாச் சீட்டுகளையும் ஒருவனே வாங்கினாலும் அவன் நட்டமடைவது உறுதி என்றும், ஆகையாற் கூடுதலாக வாங்குந்தோறும் அவன் அந்த உறுதியை நெருங்குகிறான் என்றும் 1776 இல் வெளியான தமது நூலில் அடம் சிமித் காட்டினார். சந்தையைப் போற்றியவர் கூறியது இது, சமயவாதி கூறியதன்று. பரிசுத்தொகையைப் பெரிய எழுத்தில் அறிவிக்கும் சபைகள் இந்த 2 கோடி 60 இலட்சத்தையும் அதே அளவு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று பணிக்கும் அதிகாரம் படைத்த, விற்பனையில் நலனற்ற ஒரு நிறுவனம் நமக்கு வேண்டும். அத்தகைய காவலர் இல்லாமையே இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை.

விலையை எடுத்துக்கொள்க. 2023 யூலையில் இரு சபைகளும் 20 ரூபாவாயிருந்த சீட்டை 40 ரூபாவாக்கின. பொருளாதாரம் சரிந்து ஓராண்டு கழிந்த வேளை அது. மின்கட்டணம் உயர்ந்தபோது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்டது. சீட்டு விலை இருமடங்கானபோது அவ்வாறு கேட்பதற்கு ஓர் ஆணைக்குழு இருக்கவில்லை. மேற்பார்வை எங்குள்ளது என்பதையே எடுத்துக்கொண்டாலும் வியப்புத்தான் மிஞ்சும். 2017 இல் நிதியமைச்சராயிருந்த ரவி கருணாநாயக்க வெளிநாட்டலுவல்கள் அமைச்சரானபோது, இவ்விரு சபைகளும் நிதியமைச்சை விட்டு நீங்கி வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கீழ்ச் சென்றன. கல்முனைப் பேருந்து நிலையத்தில் விற்கும் சீட்டுக்கும் நாட்டின் வெளியுறவுக்கும் இடையிலான தொடர்பை எந்த அறிஞராலும் விளக்க இயலாது. அமைச்சரோடு கூடவே பெயரக்கூடிய மேற்பார்வையை மேற்பார்வை என்பது எங்ஙனம்?

அயல்நாட்டு அனுபவங்கள் இரண்டைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். இந்தியாவின் 1998 ஆம் ஆண்டு லொத்தர் ஒழுங்குபடுத்தற் சட்டம், ஒரு லொத்தருக்கு வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குலுக்கல் கூடாதென்றும், ஒற்றை இலக்கத்தில் பரிசு வழங்கலாகாதென்றும் வரையறுத்தது. வேகமே சூதின் நஞ்சு என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் 1968 இல் அரசே பரிசுச்சீட்டைத் தொடங்கிற்று. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் அக்காலத்திற் பெயர்பெற்றது. 2003 இல் அதே மாநில அரசு லொத்தர் விற்பனை முழுவதையும் தடைசெய்தது. அதன் பின்னரும் கள்ளச் சீட்டு விற்பனை அங்கு முற்றாக ஒழியவில்லை என்பதைத் தடைகோருவோர் மறைத்தல் ஆகாது. பிரித்தானியாவோ 1994 இல் தேசிய லொத்தரை மீளத் தொடங்கியபோது, நடத்தும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடமும் கண்காணிக்கும் பொறுப்பை வேறொரு நிறுவனத்திடமும் விட்டது. அங்கும் குறைகளுண்டு; எனினும் ஆடுபவரும் நடுவரும் ஒருவரல்லர்.

'நாட்டுக்கு' என்ற அந்த நியாயத்தையே இனி நோக்கவேண்டும். ஏனெனில் இங்கேயும் லொத்தரைக் காக்கும் கேடயம் அதுவே. வறிய நோயாளியின் இருதயச் சத்திரசிகிச்சைக்குச் சனாதிபதி நிதியம் உதவுகின்றது. மாணவனின் மாதச் செலவுக்கு மகாபொல உதவுகின்றது. இவை மெய்யான நன்மைகள். ஆயின் இந்நியாயம் புதியதன்று. அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு அம்புகளைக் குலுக்கி ஆடிய மைசிரில், வென்றவர் தம் இறைச்சியைத் தாம் உண்ணாது வறியோருக்கு வழங்குவது பெருமையாகக் கருதப்பட்டது என விரிவுரையாளர் கூறுவர். அதாவது அதுவும் ஒரு நலநிதி லொத்தரே. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 219 ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்பதை ஒப்புக்கொண்டே, அவற்றின் தீமை பயனிலும் பெரிதென்று தீர்ப்பளிக்கின்றது. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் ஏற்று, அதன்பின் எடைபோடும் இம்முறை விமர்சகர் எவரும் பயிலத்தக்கது. திருக்குறளிலும் கள்ளுண்ணாமையும் சூதும் 93 ஆம், 94 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்தே நிற்கின்றன. அங்கே சூதின் வெற்றி தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடப்படும். கரைவலை இழுக்கும் ஊரார்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

இவ்விடத்திலேதான் நம்மவரின் மௌனம் உறுத்துகிறது. மாவடிப்பள்ளியின் ஒரு விவசாயக் கூலியின் மகன் ஒலுவிலுக்கோ பேராதனைக்கோ தெரிவாகிறான். மகாபொல அவனுக்குக் கிடைக்கிறது. 5000 ரூபாவாயிருந்த மாதக் கொடுப்பனவு 2025 இன் வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சூதைத் தீண்டாது வளர்ந்தவன் அவன். அவனது உணவுச் செலவின் ஒரு பங்கோ யாரோ ஒரு கூலியாள் வீடு திரும்பும் வழியில் வாங்கிய சீட்டிலிருந்து வருகிறது. அதனைப் பெறலாமா என்ற வினாவுக்கு, அரசு தரும் கலப்பு நிதியைப் பெறுபவன் சூதாடியவனாகான் என்று விடைகூறுவோர் உளர். அவ்விடை அவனுடைய மனச்சாட்சிக்குப் போதுமானதாயிருக்கலாம். அந்தக் கூலியாளுக்கு அது விடையாகாது. வறியவன் ஒருவனின் கல்விக்கு மற்றொரு வறியவன் தன்னையறியாமல் வரி செலுத்துகிறான். அவ்வரியைக் கல்வியமைச்சோ பாராளுமன்றமோ வரியென்று பெயரிட்டு விவாதிப்பதில்லை. மேலும், நம்மூர்களில் எவரும் சீட்டு வாங்குவதில்லை என்பது மேடைக்குரிய கூற்று. கல்முனைச் சந்தையில் சீட்டுப் பலகையின் முன் நிற்போரின் பெயர்களைக் கேட்டறிந்தால் அக்கூற்று நிலைக்காது.

மகாபொல லொத்தரை மாத்திரம் நம்பி எழுந்த திட்டமுமன்று. வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி அதனை வர்த்தகக் கண்காட்சிகளோடு இணைத்தே தொடக்கினார். எனவே லொத்தர் நின்றால் புலமைப்பரிசில் நின்றுவிடும் என்ற அச்சம் தவிர்க்கமுடியாத ஒன்றன்று. லொத்தரிலிருந்து அந்நிதியத்துக்குச் செல்லும் தொகையைத் திரட்டு நிதியத்திலிருந்து ஆண்டுதோறும் பாராளுமன்றமே ஒதுக்கி, அதனை விவாதத்துக்கு உட்படுத்துமாயின், லொத்தர் தனது கேடயத்தை இழக்கும். அதன்பின் விலை, விளம்பரம், குலுக்கல்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நிதியமைச்சின் வருமான நலனுக்கு அப்பாற்பட்ட ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தல் எளிதாகும். சீட்டு விற்று வாழும் வலுவிழந்தோரும் முதியோரும் என்னாவர் என்று கேட்கப்படும். கேட்கவேண்டிய கேள்விதான். 2023 இல் விலை இருமடங்கானபோது அவர்களுடைய பெயரும் ஒரு நியாயமாக எடுத்தாளப்பட்டது. அவர்களுக்கு ஓய்வூதியமோ நிலையான மாதக் கொடுப்பனவோ வழங்கும் யோசனையும் முன்வைக்கப்படவேண்டும். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்கள் மகாபொலத் தொகையை உயர்த்துமாறு பலமுறை வீதிக்கு இறங்கியுள்ளன. அத்தொகை எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் தமது கோரிக்கைப் பட்டியலில் அவை சேர்த்தல் வேண்டும். அதற்கான முதற் கூட்டத்தை ஒலுவில் வளாகத்திலேயே கூட்டலாம்.