'பிக் பாஸ்' வீடும் தொகைநூல் மரபும்

அகப்பொருட் பாடலின் அடிப்படை கூறவந்த தொல்காப்பியர், நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்து அமைவதே புலனெறி வழக்கம் என்றார். உலகில் உள்ளதை அவ்வாறே கூறுதல் உலகியல். சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்து வந்தனவாகத் தொகுத்துக் கூறுதல் நாடகம். உரையாசிரியர் தம்முள் சிறு வேறுபாடு காணினும், இவ்விரண்டனுள் ஒன்றை விடுத்து மற்றொன்று செய்யுளாகாது என்பதில் உடன்படுவர். இன்றைய தொலைக்காட்சியில் ஓர் ஆக்கம், தான் முழுதும் உலகியலே என்றும், தன்னிடம் நாடகம் சிறிதும் இல்லை என்றும் கூறிக்கொண்டு நிற்கிறது. 'பிக் பாஸ்' எனப்படும் அந்நிகழ்ச்சியை இலக்கியத் துறையினர் ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். கோடிக்கணக்கானோர் நாள்தோறும் காணும் ஒரு கதைவடிவத்தின் இலக்கணத்தை ஆராயாது விடுதல், தெருக்கூத்தையும் கதைப்பாடலையும் நெடுநாள் புறக்கணித்த பிழையை மீண்டும் செய்தலாகும் என்பது நம் கருத்து.

இவ்வடிவம் தமிழ்நாட்டிற் பிறந்ததன்று. நெதர்லாந்து நாட்டில் ஜான் டி மோல் என்பாரின் முயற்சியால் 1999 செப்டம்பரில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் அது தொடங்கிற்று. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலில், யாவரையும் ஓயாது கண்காணிக்கும் கொடுங்கோன்மையின் முகத்துக்கு இட்ட பெயரையே விளையாட்டுக்குப் பெயராகச் சூட்டினர். அச்சத்துக்குரிய பெயர் ஐம்பது ஆண்டுகளில் வேடிக்கைக்குரியதாயிற்று. சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வார்க்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. இந்தியில் 2006-இலும், தமிழில் விஜய் தொலைக்காட்சி வழியாக 2017 ஜூன் 25-இலும் இது தொடங்கியது. கமல்ஹாசன் முதல் ஏழு பருவங்களை நடத்தினார்; 2024 முதல் விஜய் சேதுபதி நடத்திவருகிறார்.

இனிக் களன் நோக்குவோம். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள இராசகுளத்தை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிற் கிழக்கு நோக்கிச் சென்றால், பூந்தமல்லிக்கு முன்னர்ச் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. படப்பிடிப்பு நகரம் உள்ளது. அங்கு எழுப்பப்பட்ட அரங்கமே அவ்வீடு. வீடு என்னும் சொல் ஈண்டு மயக்கம் தருவது. சுவரிற் பதித்த பெரிய கண்ணாடிகள் உள்ளிருப்போர்க்கு முகம் பார்க்கும் ஆடி. அவற்றின் பின்னே இருண்ட இடைவழியில் நிற்கும் ஒளிப்பதிவாளர்க்குச் சாளரம். ஆங்காங்கு அமைந்த கேமராக்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே திருப்புவர். ஒவ்வொருவரும் கழுத்தையொட்டி மைக் அணிந்திருத்தல் வேண்டும். கழற்றினால் அறிவிப்பு வரும். கட்டுப்பாட்டு அறையிலோ வரிசை வரிசையாகத் திரைகள். அவற்றின்முன் முறைவைத்து இரவும் பகலும் அமர்ந்து, யார் யாரோடு என்ன பேசினார் என்று குறித்துக்கொண்டே இருப்போர். உள்ளே மனிதர் சிலர் எனின், புறத்தே உழைப்போர் பன்மடங்கினர்.

செய்யுளியலில் ஆசிரியர் எண்ணும் உறுப்புகளுள் களனை அடுத்துக் காலம் வருகிறது. இவ்வீட்டிற் கடிகாரம் இல்லை. செய்தித்தாளும் கைப்பேசியும் இல்லை. காலையிற் பாட்டு ஒலித்தால் விடிந்தது, விளக்கணைந்தால் இரவு. பகலிற் கண்ணயர்ந்தால் நாய் குரைக்கும் ஒலி எழும். பொழுதைக் கருப்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் பின்னணியாக வகுத்தது பண்டை மரபு. இவர்கள் பொழுதையே உள்ளிருப்போரிடமிருந்து பறித்துத் தம் கையில் வைத்துக்கொண்டனர். பொழுதறியாதவன் சினமும் அழுகையும் விரைந்து கொள்வான் என்பதை அறிந்தே இது செய்யப்படுகிறது எனக் கொள்ளுதல் தகும்.

கூற்றும் கேட்போரும் இதனினும் நுட்பமானவை. அகப்பாடலில் தலைவி தோழிக்குக் கூறுவாள். சிறைப்புறத்தே தலைவன் நின்று கேட்பான். அவன் நிற்பதை அறிந்தே தோழி மொழிவதும் உண்டு. பிக் பாஸ் வீட்டில் எல்லாக் கூற்றும் சிறைப்புறக் கூற்றே. எதிரிருப்பவரை நோக்கிப் பேசினும், கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் கேட்கிறார் என்பதை எவரும் மறப்பதில்லை. சில நாட்களில் மறந்துவிடுவர் என்பாரும் உளர். மறந்த கணமே வேண்டுமென்று காத்திருப்போர் உள்ளமையால் அவர் கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. இடையிடையே ஒவ்வொருவரையும் தனியறைக்கு அழைத்து, உருவமற்ற ஒரு குரல் வினவும். அங்கு விடையே ஒளிபரப்புக்கு முதன்மையானது. வினா சுருங்கும், சில வேளை மறையும். வினாவை நீக்கி விடையை மட்டும் வைத்தால், கேட்டதற்கு மொழிந்தது தானே உவந்து தூற்றியதாகத் தோன்றும் அன்றோ?

இவ்விடத்தேதான் நம் ஆய்வின் மையம் உள்ளது. ஓயாது இயங்கும் கேமரா ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 1,440 நிமிடக் காட்சியைத் தரும். ஒளிபரப்பாவதோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். விளம்பரம் நீக்கின் அதனினும் குறைவு. ஆகவே நாம் காண்பது வாழ்க்கையன்று, தொகை. குறுந்தொகையைத் தொகுத்தவர் நான்கடி முதல் எட்டடி வரையும், நற்றிணையைத் தொகுத்தவர் ஒன்பதடி முதல் பன்னிரண்டடி வரையும் அளவுகோலாகக் கொண்டனர் என்பது மாணவர் அறிந்ததே. அடியளவு வெளிப்படை; எவரும் எண்ணிப் பார்க்கலாம். இத்தொலைக்காட்சித் தொகையின் அளவுகோல் யாது? பூசல் முன்னிற்கும், அமைதியாகச் சமைத்து உண்டு துயின்ற பொழுது நீங்கும். நன்கு வாழ்ந்தவன் தொகையில் இடம்பெறான்.

தெரிந்தெடுத்தலினும் வலியது துறை வகுத்தல். சங்கப் பாடல்களின் அடியில் 'இன்னார் இன்னார்க்குக் கூறியது' என்னும் குறிப்புளது. அது பாடிய புலவர் எழுதியதன்று, பின்னையோர் சேர்த்தது என்பர். ஒரே பாடல் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் கொள்ளப்படுதல் உண்டு. துறை மாறினால் பொருளும் மாறும். பிக் பாஸ் நிகழ்ச்சியில் முன்னோட்டத் துணுக்கும், பின்னணி இசையும், இடையே செருகப்படும் பிறிதொருவர் முகமும் துறைக்குறிப்பின் தொழிலைச் செய்கின்றன. ஒருத்தியின் கண்ணீருக்கு முன்னர் இன்னொருவரின் புன்னகையை வைத்தால், அப்புன்னகை எள்ளலாகிவிடும். அவர் பிறிதொரு நேரத்தில் பிறிதொன்றைக் கண்டு நகைத்திருக்கலாம். இருவரும் பொய் கூறவில்லை. கேமராவும் பொய் காட்டவில்லை. பொய் இரண்டிற்கும் இடையில் உள்ளது.

தொகைநூற்குத் தொகுத்தார், தொகுப்பித்தார் பெயர்களை நம் முன்னோர் போற்றிக் காத்தனர். ஐங்குறுநூற்றுக்குக் கூடலூர் கிழாரும், அவரைத் தொகுப்பித்த சேரனும் பெயரோடு விளங்குகின்றனர், குறுந்தொகைக்குப் பூரிக்கோ. பிக் பாஸிலோ வார இறுதியில் மேடையேறும் நடிகரையே 'தொகுப்பாளர்' என்கின்றனர். அவர் தொகுத்தாரல்லர்; தொகுக்கப்பட்டதைக் கண்டு நியாயம் உரைப்பவர். மெய்யான தொகுப்பாளரோ இறுதியில் விரைந்தோடும் சிற்றெழுத்துக்களுள் அடங்கிவிடுவர்.

2022 ஜனவரியில் 'பிக் பாஸ் அல்டிமேட்' என்னும் இணைய வடிவம் இருபத்துநான்கு மணி நேர நேரலையோடு வந்தபோது, மூலபாட ஆய்வாளர்க்கு ஒரு வாயில் திறந்தது. அதுகாறும் பதிப்பு மட்டுமே நம் கையில் இருந்தது. அப்பொழுது சுவடியும் வந்தது. ஆயினும் அந்நேரலையும் பல கேமராக்களுள் ஒருவர் தெரிந்து விடுக்கும் காட்சியே ஆதலின், அதனை மூலச்சுவடி என்னாது, அதற்கு அணுக்கமான படி எனலே பொருந்தும்.

அகத்திணையிற் காதலர் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது பண்டை விதி. உள்ளத்தின் அந்தரங்கத்தைப் பாடலாம். பாடினால் பெயர் கூறலாகாது. இவ்விதியைச் செய்யுள் மரபென்று மட்டுமே நாம் இதுகாறும் கற்பித்துவந்தோம். பெயரும் முகமும் ஊரும் அறிந்த ஒருவரின் காதலும் கலக்கமும் நாள்தோறும் காட்டப்படும்போது என்ன நேரும் என்பதை 2017 கண்டது. முதற் பருவத்திலேயே ஒருவர் மதிலேறி வெளியேற முயன்றார். ஆகஸ்டில் ஒரு நடிகை உள்ளம் நைந்து வெளியேறினார். அவர்தம் பெயரை ஈண்டுச் சுட்டாமையே மரபுக்கு ஒக்கும்.

வாக்கு முறைபற்றியும் ஒரு சொல். உத்தரமேரூர்க் கோயிற்சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஓலையை எடுப்பவன் விவரமறியாச் சிறுவன். அதனை ஏற்பவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பார். அங்கிருந்த நம்பிமாரெல்லாம் மீண்டும் படிப்பர். அது சீட்டு முறையே அன்றி இக்காலத்து வாக்கெடுப்பு அன்று என்பதை மறத்தலாகாது. எனினும் கையை விரித்தே வாங்குக என்று விதித்தவர், மறைவிடத்தில் என்ன நிகழும் என்பதை அறிந்திருந்தனர். பிக் பாஸில் மக்கள் கைப்பேசி வழியே வாக்களிக்கின்றனர். தொகை சில வேளை மேடையிற் கூறப்படினும், எண்ணும் செயல் காண்போர் முன் நிகழ்வதில்லை. எல்லாம் காட்டும் வீட்டில் காட்டப்படாதது அஃதொன்றே என்று கூற எண்ணினோம். ஆயின் காட்டப்படாதோர் இன்னும் உளர்.

2018-இல் அவ்வரங்கில் குளிர்பதனப் பொறி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். நாள் முழுதும் இயங்கும் கேமராக்கள் நோக்கும் திசையில் அவர் இருந்தாரல்லர். 2021 மேயில், அதே நகரத்திற் படமாகிவந்த மலையாள 'பிக் பாஸ்' பணியாளர் சிலர்க்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரிந்தபின், அரசு அலுவலர் அரங்கத்தை மூடி முத்திரையிட்டனர். புறத்தே உழைப்போர் செய்தியானது அவ்வாறு நோயாலும் சாவாலுமே.

முதுகலை மாணவர் ஒருவர், நேரலை உள்ள ஒரு பருவத்தில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, நேரலைக்கும் அன்றிரவு ஒளிபரப்பிற்கும் இடையிலுள்ள பாடபேதங்களை நிமிட வாரியாக அட்டவணைப்படுத்தலாம். அவ்வட்டவணையில் நீக்கியது, இடம் மாற்றியது, இசை சேர்த்தது என மூன்று பத்திகள் போதும். இறுதியில் ஓடும் பெயர்களையும் நிறுத்தி நிறுத்திப் படியெடுத்துச் சேர்த்தல் வேண்டும்.