ஓடத்தில் விழாத குழந்தைகள்

தூக்கிலிடு! கல்லால் அடி! நடுத்தெருவில் நிறுத்து!

ஆண்டுக்கொரு முறையேனும் இந்தக் குரல் நாட்டில் எழுகிறது. பெற்ற பிள்ளையை வதைத்தாள், பட்டினி போட்டாள், கொன்றாள் என்ற செய்தி வந்ததும் வியாசர்பாடித் தேநீர்க்கடைப் பலகை முதல் மயிலாப்பூர் மாடி வரை நீதிபதிகள் முளைத்துவிடுகின்றனர். அந்தச் சினத்தில் பொய் இல்லை. பச்சிளங் குழந்தை துடிப்பது கேட்டுத் துடிக்காத நெஞ்சம் நெஞ்சமாகாது. எனினும், அச்சினம் எதைக் கண்டு எழுகிறது, எதைக் காணாமலே அடங்குகிறது என்று கேட்பது பகுத்தறிவாளர் கடன்.

இந்தக் கேள்வியைத் திரையில் எழுப்பிய படம் ஒன்று நம்மிடம் உண்டு. 1952 அக்டோபர் 17இல் வெளிவந்த ‘பராசக்தி’. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், கலைஞர் உரையாடல். கணவனை இழந்த கல்யாணி, பசியும் காமுகர் கொடுமையும் இருபுறமும் நெருக்க, கைக்குழந்தையை ஆற்றில் எறிகிறாள், தானும் சாகத் துணிகிறாள், பிடிபடுகிறாள், கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கிறாள். தீர்ப்பளிக்கும் இருக்கையிலோ அவள் உடன்பிறந்த அண்ணன்! கூண்டில் நின்றவள் சமுதாயத்தையே கூண்டிலேற்றிய காட்சி அது. தாயைத் தெய்வமென்று பாடிவிட்டு, அவள் பட்டினி கிடக்கையில் பாராமுகமாய் இருந்தவர்களின் முகமூடியைக் கிழித்த காட்சி. அதன் பெருமையை எவரும் குறைத்துவிட முடியாது.

ஆனால் திறனாய்வு என்று வந்தபின் தயங்குவதில் பயனில்லை. அக்குழந்தை என்ன ஆயிற்று? ஆற்றில் விழவில்லை, அவ்வழியே வந்த விமலாவின் ஓடத்தில் விழுந்தது. வழக்கு மன்றத்துக்கே குழந்தை உயிரோடு வந்துவிடுகிறது, வழக்கும் கரைந்துவிடுகிறது. குழந்தை இறந்திருந்தால் அம்மன்றம் என்ன செய்திருக்க வேண்டும்? தாயின் துயரம் ஒருபுறம், போன உயிர் மறுபுறம். எதை எப்படி நிறுப்பது? படம் இந்த இடத்தில் நழுவிவிடுகிறது. கதைக்கு ஓடம் வந்தது. ஊருக்கு?

2018இல் சென்னையை அடுத்த குன்றத்தூரில் 7 அகவை மகனையும் 4 அகவை மகளையும் தாயே நஞ்சூட்டிக் கொன்றாள். வேறோர் ஆடவனோடு வாழும் வேட்கை அதற்குக் காரணமாயிற்று. 2025 சூலையில் காஞ்சிபுரம் நீதிமன்றம் இருவருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அத்தீர்ப்பின்மீது நமக்கு முறையீடு ஏதுமில்லை. கல்யாணிக்காகப் பேசிய நா இவளுக்காகப் பேசாது. நாம் கேட்பது அந்த ஏழாண்டுக் கூச்சலைப் பற்றி. அவன் பிரியாணிக் கடை ஊழியன் என்பதைக் கொண்டு எத்தனை கேலி, எத்தனை கொச்சை! அவள் ஒப்பனையைப் பேசினர். சிரித்த முகப் படங்களைத் தேடியெடுத்துப் பரப்பினர். மாண்ட குழந்தைகள் இருவரைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? சினம் கொலையின்மீது எழுந்ததா, கற்பின்மீது கொண்ட காவலுணர்விலிருந்து எழுந்ததா?

இதற்கு முந்தைய ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். 2017 அக்டோபர் 23, நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராக மனுமேல் மனுக் கொடுத்தும் வழி பிறக்காத கூலித்தொழிலாளி, மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். நாடு கொதித்தது; வட்டிக்காரன்மீதும் ஆட்சியின்மீதும் கொதித்தது. கொதித்தது சரியே. ஆனால் ஏடுகள் எழுதிய சொல் என்ன? ‘குடும்பத்தோடு தீக்குளிப்பு’. எழுதப் படிக்க அறியாத சிறுமி தீக்குளிப்பாளா? பெற்றவரின் முடிவு பிள்ளையின் முடிவாக எழுதப்பட்டுவிட்டது. கடன்பட்ட தந்தை பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுத்துத் தானும் மாளும்போதெல்லாம் இதே சொல்தான்.

ஓரிடத்தில் வசை, ஓரிடத்தில் இரக்கம். இரண்டின் வேரும் ஒன்று: பிள்ளை பெற்றோரின் உடைமை என்னும் பழைய எண்ணம். உடைமையைக் கெடுத்தவள் ஒழுக்கங்கெட்டவளானால் ஏசுகிறோம், வறியவரானால் அழுகிறோம். உடைமைக்கும் ஓர் உயிர் உண்டு, அதற்குத் தனியே ஓர் உரிமை உண்டு என்பது இரண்டிடத்தும் மறந்துபோகிறது.

2021 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாய் தன் 2 அகவைக் குழந்தையை அடித்த காட்சி கைப்பேசிதோறும் ஓடியது. காவல்துறை ஆந்திரம் சென்று அவளைப் பிடித்தது. நன்று. ஆனால் அக்காட்சியை முகம் மறைக்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பியவர் யார்? சினங்கொண்ட அதே மக்கள்! வதைக்கு ஆளான குழந்தையை அடையாளங்காட்டுவதே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 6 திங்கள் சிறைக்குரிய குற்றம் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

தண்டனை போதாது என்கின்றனர். குழந்தையைக் கொடுமை செய்தால் அதே சட்டம் 3 ஆண்டுச் சிறை வரை விதிக்கிறது. கைவிட்டு எறிந்து செல்வோர்க்கு 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த நியாயச் சட்டம் 7 ஆண்டு வரை. ஆனால் தம் ஆற்றலுக்கு மீறிய நிலையால் பெற்றோர் கைவிட நேர்ந்தால், அதை மனமறிந்து செய்ததாகக் கொள்ளலாகாது என்று இளைஞர் நீதிச் சட்டமே விலக்களிக்கிறது. வளர்க்க முடியாதவர் குழந்தை நலக் குழுவிடம் பிள்ளையை முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறித் திரும்பக் கேட்க 2 திங்கள் தவணையும் உண்டு. கல்யாணிக்கு இல்லாத ஓடம் ஏட்டளவில் வந்துவிட்டது! 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் அவ்வகை ஓடமே. இங்கிலாந்து இன்னும் ஒரு படி சென்றது: பெற்றபின் மனநிலை குலைந்த தாய் சிசுவைக் கொன்றால் அது கொலைக்குச் சமமன்று என 1922இலேயே வகுத்தது. நம் தண்டனைச் சட்டத்தில் 1860லும் அது இல்லை, 2023லும் இல்லை.

வியாசர்பாடிக்கு வருவோம். 1921 வேலைநிறுத்தத்தால் பெயர்பெற்ற பெரம்பூர் பின்னி ஆலை, 1996இல் மூடப்படும்வரை இப்பகுதிக்குச் சோறிட்ட இடங்களுள் ஒன்று. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பிடம் கட்டாயம் என்று விதித்திருந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டம். தொழிற்சாலையே போனபின் சட்டம் எங்கே போய்த் தொட்டில் கட்டும்? நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு எந்த முதலாளி காப்பிடம் வைப்பான்? அங்கன்வாடி இருக்கிறது, அது பிற்பகலில் மூடும், அவள் வேலை பொழுதுசாய முடியும். இடைப்பட்ட நேரத்தில் எட்டு அகவை அக்காள் இடுப்பில் ஓர் அகவைத் தம்பி. அக்காளின் பள்ளிக்கூடம் அன்றோடு சரி. கால்வாய்ப் பக்கம் தம்பி தவறி விழுந்தால், மறுநாள் ஏட்டில் ‘கவனமற்ற தாய்’!

பராசக்தியின் முடிவில் குணசேகரனும் விமலாவும் கூடி அநாதை விடுதி திறக்கின்றனர். எவரும் நினைவில் வைத்திராத அந்தக் காட்சிதான் நீதிமன்றக் காட்சியின் மெய்யான விடை என்பது எம் துணிபு. இளைஞர்கள் நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்தது போதும். உங்கள் படிப்பகக் கரும்பலகையில் 1098 என்ற எண்ணை எழுதுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகை மூன்றாம் நாளும் ஓயவில்லை என்றால், கல்லெடுக்கும் கை முதலில் அந்த எண்ணை அழைக்கட்டும். மாலை ஆறு மணிவரை தொட்டில் வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். கையெழுத்திட வியாசர்பாடியில் தாய்மார்களுக்குப் பஞ்சமில்லை.