பிரைவேட் எழுதத் தெரிந்த கை

யாருடைய சீமேக் பில்ட் கோப்பைத் திறந்தாலும் என் கண் நேரே டார்கெட் இன்க்லூட் டைரக்டரீஸ் கட்டளைக்குத்தான் போகும். அதிலும், ஹெடர் பாதையை லைப்ரரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பிரைவேட் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். பயன்படுத்துகிறவர்களுக்கும் பாதையைத் திறந்துவிடும் பப்ளிக்கை யார் வேண்டுமானாலும் போடலாம், பில்ட் ஓடிவிடும். ஜேசான் ஹெடரை சிபிபி கோப்புக்குள் மட்டும் சேர்த்திருக்கிறோமா, நம் ஹெடரில் உள்ள ஃபங்ஷனே ஜேசான் வகையை வாங்குகிறதா என்று நின்று பார்த்தவர்தான் முதலாவதற்கு பிரைவேட் போடுவார்.

2013 மே மாதம் சீமேக் 2.8.11இல் இந்தக் கட்டளை வந்ததில் ஸ்டீபன் கெல்லியின் உழைப்பு பெரிது. கேடிஇ டெஸ்க்டாப் திட்டம் 2006லேயே சீமேக்குக்கு மாறிவிட்டது. அந்தப் பெரிய குடும்பத்தின் லைப்ரரிகளைத் தனித்தனியாகப் பிரிக்கிற வேலையில் இருந்தவர் அவர். தேவை தெரிந்தவர் செய்த வேலை என்பது பயன்படுத்தும்போதே தெரியும். சோர்ஸ் ஃபோல்டரின் முழுப் பாதையை பப்ளிக்கில் வைத்து எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள், சீமேக் பிழை சொல்லி நிறுத்திவிடும். பில்ட் இன்டர்ஃபேஸ், இன்ஸ்டால் இன்டர்ஃபேஸ் என்று பிரித்துச் சொன்னால்தான் விடும். அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு பில்ட் கருவியான மெசான்தான் சுத்தம் என்பார்கள் நண்பர்கள். எழுத்து சுத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே காட்டுவதை அங்கே டிக்ளேர் டிபென்டென்சி என்று தனியே எழுத வேண்டும். லைப்ரரியின் உள்ளும் புறமும் ஒரே கட்டளையில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு அது ஒட்டவில்லை.

கோவில்பட்டியில் என்னிடம் புராஜெக்ட் காட்ட வரும் கல்லூரிப் பிள்ளைகளின் கோப்புகளில் இன்றும் மேல்மட்டத்தில் டார்கெட் இல்லாத வெறும் இன்க்லூட் டைரக்டரீஸ்தான். கண்மாய் மடையை மொத்தமாகத் திறந்துவிட்ட மாதிரி, வேண்டிய டார்கெட்டுக்கும் வேண்டாததற்கும் பாய்கிறது. இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில் கான்ஃபிக் ஹெடர் இருந்தால் பட்டியலில் முந்தி நிற்பது ஜெயிக்கும். கம்பைலர் முனகாது, ஒரே ஸ்ட்ரக்ட் இரண்டு அளவில் உருவாகி, ஓடும்போதுதான் விழும். மேக்ஃபைலில் ஐ ஃபிளாக்குகளைக் கையால் கோத்த காலத்தில் இதற்காக இரவெல்லாம் விழித்திருக்கிறோம். இப்போது மருந்து கையில் இருந்தும் பழைய டுடோரியலைப் பார்த்து அப்படியே ஒட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, பாதை எழுத சீமேக் சோர்ஸ் டிர் மாறி வேறு: இன்னொரு புராஜெக்ட் இதைத் துணை ஃபோல்டராகச் சேர்த்த அன்றே பாதை தப்பிவிடும்.

2022இல் சீமேக் 3.23 கொண்டுவந்த ஃபைல் செட்டில் ஹெடர்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடலாம். பேஸ் ஃபோல்டர் தானாக இன்க்லூட் பாதையில் சேரும், பில்ட் இன்டர்ஃபேஸையும் அதுவே போட்டுக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயும் பப்ளிக்கா பிரைவேட்டா என்று அவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.