டிபியில் ரோஜாப்பூ

தரங்கம்பாடியில் பெண்களின் வாட்ஸ்அப் எண்களைச் சேமித்துக்கொண்டே வந்தால் கைபேசிக்குள் ஒரு பூந்தோட்டம் சேர்ந்துவிடும். ரோஜா, தாமரை, வேளாங்கண்ணி மாதா, அக்காள் குழந்தையின் சிரிப்பு, கடலில் எழும் சூரியன். ஆண்களின் டிபியிலோ கூலிங்கிளாஸ், பைக், கட்சிக் கரை வேட்டி. சின்ன ஊர்ப் பெண்களின் கூச்சம் என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் முகம் யார் கைக்குப் போகும், அங்கே என்னவாகும் என்று கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. கணக்கு தப்பும் இல்லை. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ என்ற செயலியும் 2022 ஜனவரியில் ‘புல்லி பாய்’ என்ற செயலியும் முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களின் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து எடுத்து ‘ஏலம்’ விட்டன. பத்திரிகையாளர்களும் செயல்பாட்டாளர்களுமே அதில் அதிகம் குறிவைக்கப்பட்டார்கள். தைரியமாக முகம் வைத்தவர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் இணையத்தையும் கருவியாகக் கொண்டு வேலைசெய்யும் இன்றைய கலைஞர்களை இந்த ரோஜாப்பூவை மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்க விரும்புகிறேன். பெண்ணியக் கலை விமர்சனத்தில் ஒரு வாக்கியம் தேய்ந்துபோய்விட்டது: ‘மறைக்கப்பட்ட பெண்களைக் கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.’ வெளிச்சத்துக்கு வந்தால் போதுமா? எங்கள் கரையின் பெண்களுக்கு இரண்டு அநியாயங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, ஆவணங்களில் அவர்கள் இல்லை. மற்றது, அவர்களைக் கேட்காமலே அவர்கள் முகம் உலகெங்கும் போயிருக்கிறது. முதலாவதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பும் கலை இரண்டாவதைச் செய்துவிடுவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்து, வடக்கே கடலூரில், ஆர்கோ தத்தா ஒரு புகைப்படம் எடுத்தார். மணலில் விழுந்து உள்ளங்கைகளை விரித்து அழும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும். அந்த ஆண்டின் சிறந்த செய்திப்படமாக உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது பெற்றது. வலுவான படம், சந்தேகமில்லை. அழுகிறவரிடம் அந்த நேரத்தில் அனுமதி கேட்டிருக்கவும் முடியாது. ஆனால் அதன்பிறகு, நம் கரையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் ஆகப்பெரிய துக்கம், தேடுபொறியில் ‘சுனாமி’ என்று அடித்தால் கிடைக்கும் பண்டமாகிவிட்டது. ஒரு படம் இணையத்துக்குள் போனபின் அதிலுள்ள பெண்ணால் அதைத் திரும்ப அழைக்க முடியாது.

முதலாவது அநியாயத்துக்குத் தரங்கம்பாடியே சாட்சி. 1620இல் ரகுநாத நாயக்கர் டேனியருக்கு இங்கே இடம் கொடுத்தார். தங்க ஏட்டில் எழுதிய அவருடைய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் பெயர் ஊரறிந்தது. அவருடன் வேலைசெய்த அழகப்பனின் பெயரும் எஞ்சியிருக்கிறது. 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை ஆளுநர்கள், வணிகர்கள், துபாஷிகள், போதகர்கள் என்று ஆண் பெயர்களின் வரிசை நீள்கிறது. பெண் பெயரைச் சல்லடை போட்டுத்தான் தேட வேண்டும்.

இதே டேனிஷ் வரலாற்றின் மறுமுனையில் வேலைசெய்கிறவர் ஜானெட் ஏலர்ஸ். டிரினிடாட், டேனிஷ் வேர்கள் கொண்டவர். டென்மார்க் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லமான மரியன்போர்க்கில் அவர் 2009இல் ஒரு காணொளி எடுத்தார்: ‘பிளாக் மேஜிக் அட் தி ஒயிட் ஹவுஸ்’. 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை அது. அதன் பழைய சொந்தக்காரர்களில் கம்பெனி வணிகத்திலும் அடிமை வணிகத்திலும் பணம் சேர்த்தவர்கள் உண்டு. அந்த நூற்றாண்டில் டேனிஷ் ஆசியக் கம்பெனியின் ஆளுகைக்குள் எங்கள் ஊரும் இருந்தது. அந்த மாளிகைக்குள் ஏலர்ஸ் வூடூ நடனம் ஆடினார். பிறகு படத்தொகுப்பில் தன் உடலைத் தானே அழித்தார். அறை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஆடுகிறவள் இல்லை. கண்ணாடியிலும் நிழலிலும் மட்டும் அவள் தட்டுப்பட்டு மறைகிறாள். சரித்திரம் தனக்குச் செய்ததை அவர் மென்பொருளால் திரும்பச் செய்து காட்டுகிறார். இம்முறை அழிப்பது அவரே. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் படைப்பின் முழு பலமும் இருக்கிறது.

2018இல் அவரும் செயின்ட் குரோய் தீவைச் சேர்ந்த லா வான் பெல்லும் சேர்ந்து கோபன்ஹேகனில் ‘ஐ ஆம் குயின் மேரி’ என்ற பிரம்மாண்டமான சிலையை நிறுத்தினார்கள். 1878இல் அந்தத் தீவில் தோட்டத் தொழிலாளர் கிளர்ச்சியை நடத்தியவர்களில் ஒருவரான மேரி தாமஸின் நினைவு அது. மேரிக்குக் கற்பனையில் ஒரு முகம் வரைந்து ஒட்டிவிடவில்லை. இருவரும் தங்கள் உடல்களை முப்பரிமாண ஸ்கேன் செய்து, கலந்து, அந்த உருவத்தை வார்த்தார்கள். இறந்தவளின் முகம் கிடைக்காதபோது உயிரோடிருப்பவள் தன் உடலைக் கொடுக்கிறாள். கணினி அதற்குத் துணைநிற்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்தும் கப்பல்கள் போயின. நாகப்பட்டினம் துறைமுகம் இங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர். டெல்டாவின் நிலமற்றவர்கள் கங்காணி பின்னால் அங்கே நடந்துபோய்ப் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். பெண்களும் போனார்கள். பால்மரம் சீவினார்கள், களையெடுத்தார்கள், ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கினார்கள். காலனியப் புகைப்படக்காரர்கள் அவர்களைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். அட்டையின் கீழே ‘தமிழ்ப் பெண்’ என்றோ ‘கிளிங் பெண்’ என்றோ இருக்கும். பெயர் இருக்காது. அந்த அட்டைகள் இன்றும் இணைய ஏலத்தில் விலைபோகின்றன.

சிங்கப்பூரின் பிரியகீதா தியா இந்த அஞ்சலட்டைகளின் பேத்தி என்று சொல்லத்தக்கவர். 2017இல் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டில் தங்கத்தாள் ஒட்டினார். படம் சமூக ஊடகமெங்கும் பரவ, ‘கலையா, நாசவேலையா’ என்று ஊரே விவாதித்தது. பின்னர் அவர் கணினி அசைபடத்துக்கு வந்தார். 2022 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலேயில் இடம்பெற்ற ‘தி சீ இஸ் எ புளூ மெமரி’, தென்னிந்தியாவிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போன கடல்வழியைப் பற்றியது. தோட்டத்துப் பெண்ணை உலகுக்குக் காட்ட அந்த அஞ்சலட்டைகளே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கணினி அசைபடத்தில் உருவத்தைப் புதிதாகவே வார்க்க முடிகிறது. எந்தத் தனி மனுஷியின் முகத்தையும் கடன் வாங்க வேண்டியதில்லை. நினைவு கடலுக்கு உரியது என்கிறது தலைப்பு. அதை யாரும் ஏலம்விட முடியாது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. கணினி உருவத்தின் தோலுக்கு ஒரு பளபளப்பு இருக்கிறது. காய்ப்பு ஏறாத கை, வெயில் சுடாத முதுகு. பால்மரக் காட்டின் கொசுவும் அட்டையும் அங்கே இல்லை. கப்பலேறியவள் விட்டுவந்த நடவு வயலும் சேரித் தெருவும் பண்ணையார் வீட்டுக் கொல்லையும் அலைக்குப் பின்னால் மங்கிவிடுகின்றன. கடலைக் கவிதையாக்குவது எளிது. ஏன் கப்பலேற வேண்டியிருந்தது என்பதற்குச் சாதியையும் நிலத்தையும் பேசியாக வேண்டும். புலம்பெயர்ந்தவர்களின் பேத்திகள் கடலைப் பார்க்கிறார்கள். வயலைப் பார்ப்பது இங்கேயே தங்கிப்போன எங்கள் வேலை.

மற்றவர் முகத்தைக் கடன் வாங்கும் கலைக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழரான கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ், அன்னிக்கா குல்மனுடன் சேர்ந்து 2019இல் ‘பீயிங் ஹியூமன்’ என்ற காணொளியை உருவாக்கினார். 2009 போரின் முடிவையும் அதன்பின் இலங்கையில் வளர்ந்த கலைச் சந்தையையும் பேசும் படைப்பு அது. அதில் கணினி செய்த டெய்லர் ஸ்விஃப்ட் உருவம் ஒன்று உண்மை, அசல் என்பவை குறித்துப் பேசும். புத்திசாலித்தனமான படைப்புதான். எல்லா முகமும் ஏற்கெனவே சந்தைச் சரக்கு என்பது அதன் வாதம். ஆனால் 2024 ஜனவரியில் அதே ஸ்விஃப்டின் பெயரில் செயற்கை ஆபாசப் படங்கள் எக்ஸ் தளத்தில் பரவின. அவர் பெயரைத் தேடுவதையே தளம் சில நாள் தடுத்து வைத்தது. உலகத்தின் ஆகப் பெரிய பாடகிக்கே தன் முகத்தின்மேல் பிடி இல்லை. இதைப் பார்த்தபின் அந்தப் பகடி எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. கலைக்கூடத்துக் கேலியும் கழிசடைப் படமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், நோக்கம் வேறு. ஆனால் இரண்டுக்கும் கச்சாப்பொருள் அனுமதி கேட்காமல் எடுத்த ஒரு பெண்ணின் முகம்தான்.

பின் எப்படிச் செய்வது? அஃப்ரா ஷஃபீக்கின் ‘சுல்தானாஸ் ரியாலிட்டி’ (2017) ஒரு வழி காட்டுகிறது. இணையத்திலேயே வாழும் படைப்பு அது. படத்தைத் தொட்டுத் தொட்டுக் கதைக்குள் போகலாம். கொல்கத்தாவின் சமூக அறிவியல் ஆய்வு மையக் காப்பகத்திலிருந்த பழைய அச்சுப்படங்களை வெட்டி, ஒட்டி, அசையவைத்திருக்கிறார். ஓவியர்களுக்காக அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்த பெண்கள் இப்போது புத்தகம் படிக்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், குறும்பு செய்கிறார்கள். மீமின் நக்கல் மொழியைப் பெண்கல்வி வரலாற்றுக்குப் பயன்படுத்துகிறார். அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கற்பனையில் பிறந்த உருவங்கள். எனவே வெட்டுப்படுவது ஒரு மனுஷியின் முகமல்ல, அவளைப் பற்றிய ஆண் பார்வை. அவர் துணைக்கு அழைக்கும் ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் முதலில் வெளிவந்ததும் சென்னையில்தான், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்.

அப்படியொரு வேலைக்கான சரக்கு தமிழில் குவிந்து கிடக்கிறது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பெண்கள் இதழ்கள் இருக்கின்றன. இங்கிருந்து மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினால் மூவலூர் பக்கம்தான். தேவதாசி முறையை எதிர்த்துத் தன் வாழ்க்கையிலிருந்தே 1936இல் நாவல் எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த மண்ணைச் சேர்ந்தவர். அவர் தன் சொல்லைத் தானே அச்சேற்றினார். அவருடைய பழைய படம் ஒன்றை ஏதாவதொரு செயலியில் போட்டால் இப்போதே கண்சிமிட்டவைக்கலாம், சிரிக்கவைக்கலாம். 2021இலிருந்தே அதற்குக் கருவிகள் வந்துவிட்டன. அவர் சிரிக்க விரும்பியிருப்பாரா என்று கேட்கும் கலைஞர்தான் நமக்கு வேண்டும்.

டிஜிட்டல் கலையைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்விகள் மூன்று. இந்த முகம் யாருடையது? அதை வைக்க முடிவெடுத்தது யார்? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி இருந்ததா? தொழில்நுட்பம் எவ்வளவு புதியது என்பது நான்காவதாக வரட்டும். தரங்கம்பாடிப் பெண்கள் கலைக்கூடம் எதையும் பார்க்காமலே முதல் மூன்றையும் கேட்டுக்கொண்டு, தங்கள் கைபேசியில் பூவை வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தேடி வரும் கலைஞர் அந்தப் பூவை அகற்றிவிட்டுப் படமெடுக்கப் பார்க்கக் கூடாது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.